கௌட் வாதம்: அதன் காரணமும் வளர்ச்சியும்

நோய்களுட் சில, உடலை வருத்துவதோடு அமையாது நோயாளியின் நற்பெயரையும் பற்றிக்கொள்வன. பெருவிரல் மூட்டிலே திடீரெனத் தோன்றித் தாங்கொணா வேதனை விளைக்கும் கௌட் என்னும் வாதநோய் அவற்றுள் ஒன்று. இந்நோயுற்றோனை உலகம் அஞ்சி ஒதுக்கவில்லை; எள்ளி நகைத்தது. பேருண்டிக்கும் மதுவுக்கும் அடிமையான செல்வனுக்கு இயற்கை விதித்த தண்டனையே இஃதெனப் பல நூற்றாண்டுகளாக நம்பப்பட்டு வந்தது. இன்று இந்நோயின் காரணம் ஐயத்துக்கிடமின்றி அறியப்பட்டுள்ளது. மூலகாரணத்தையே அகற்றத்தக்க மூட்டுநோய்கள் மிகச் சில, அவற்றுள் இதுவுமொன்று. அங்ஙனமாகவும், பழைய பழிச்சொல் இன்னும் நீங்கவில்லை. அப்பழிச்சொல்லே நோயாளர் பலரைத் தக்க மருந்தினின்றும் தூரத்தில் வைத்திருக்கின்றது. ஆதலின், கௌட் வாதத்தின் காரணம் யாது, அஃது உடலில் வளரும் முறை எத்தகையது என்பவற்றை இங்கு ஆராய்ந்து, அப்பழி எத்துணை நியாயமுடையது என்பதையும் நோக்குவாம்.

நம்மவர் ‘வாதம்’ என்னும் ஒரு சொல்லாலே பல நோய்களைக் குறிப்பர். முதுமையில் மூட்டுக்கள் தேய்வதால் வருவது ஒன்று. உடலின் காப்புச்சத்தி தன் மூட்டுக்களையே பகையெனக் கருதித் தாக்குவதால் வரும் முடக்குவாதம் மற்றொன்று. கௌட் வாதம் இவ்விரண்டின் வேறானது. கிரேக்கர் இதனைப் ‘பொடாக்றா’ என்றனர்; காலைப் பிடிக்கும் பொறி என்பது அதன் பொருள். கௌட் என்னும் பெயர் துளி என்று பொருள்படும் ‘குற்றா’ என்னும் இலத்தீன் சொல்லினின்றும் பிறந்தது. உடலிலுள்ள தீய நீரொன்று துளித்துளியாக மூட்டினுள் வடிவதாக இடைக்கால ஐரோப்பிய மருத்துவர் எண்ணினர். வடமொழி மருத்துவ நூலாகிய சரகசங்கிதை ‘வாதரக்தம்’ எனக் கூறும் நோய் இதனைப் பெரிதும் ஒத்தது. அந்நூல் அதற்குத் தரும் மறுபெயர்களுள் ‘ஆட்யவாதம்’ என்பதும் ஒன்றாகும். ஆட்யர் என்பார் செல்வர். எனவே, இந்நோய் செல்வர்க்குரியது என்னும் எண்ணம் கிழக்கிலும் மேற்கிலும் ஒருங்கே நிலவியமை புலனாகும்.

இவ்வெண்ணம் முற்றும் ஆதாரமற்றதன்று. வரலாற்றிலே பெயர்பெற்ற மன்னரும் அறிஞரும் பலர் இந்நோயால் வருந்தினர். 1555இலும் 1556இலும் தம் அரசுரிமைகளை ஒவ்வொன்றாகத் துறந்து ஸ்பானியாவிலுள்ள யூஸ்தே மடத்தில் ஒடுங்கி, 1558இல் இறந்த பேரரசர் ஐந்தாம் சாள்ஸ் அவர்களுள் ஒருவர். தனியே பாதுகாக்கப்பட்டிருந்த அவருடைய விரலென்பின் சிறு துண்டொன்றை ஸ்பானிய ஆய்வாளர் நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, அதனுள் இந்நோய்க்குரிய பளிங்குகள் நிறைந்திருத்தலை 2006இல் வெளியிட்டனர். நான்கரை நூற்றாண்டுகள் கழிந்த பின்னும் நோயின் சான்று என்பினுள் அழியாதிருந்தது.

நோயின் வடிவத்தை நுணுகி எழுதியவர்களுள் தலையாயவர் ஆங்கில மருத்துவரான தோமஸ் சிடனம் ஆவர். 1683இல் அவர் வெளியிட்ட நூல் பிறரைப் பார்த்து எழுதியது மட்டுமன்று. பல்லாண்டுகள் அந்நோயைத் தாமே அனுபவித்தவர் அவர். இரவில் நலத்தோடு துயில்வோன் பின்னிரவில் வேதனையால் விழித்தெழுவதையும், போர்வையின் பாரத்தைத்தானும் கால் பொறாதிருப்பதையும், அறையில் ஒருவர் அதிர நடப்பினும் வலி மிகுவதையும் அவர் விரித்துரைத்துள்ளார். இன்றும் மருத்துவ மாணவர் கற்கும் வருணனை பெரும்பாலும் அவர் எழுதியதை ஒத்ததே.

எனினும், வருணனை வேறு, காரணம் வேறு. காரணத்தைக் காட்டியது இரசாயனமாகும். 1679இல் ஒல்லாந்தரான லீவன்கூக் நோயாளியின் மூட்டருகே இருந்த வெண்கட்டியொன்றினின்றும் எடுத்த பொருளைத் தம் நுணுக்குக்காட்டியில் நோக்கி, ஊசிபோன்ற நுண்துணிக்கைகளைக் கண்டார். அவை யாவையென அவர்க்குத் தெரியாது. 1776இல் சுவீடிய இரசாயனரான ஷீலே சிறுநீர்ப்பைக் கல்லொன்றினின்றும் புதிய அமிலமொன்றைப் பிரித்தெடுத்தார். பின்னாளில் யூரிக்கமிலம் எனப் பெயர்பெற்றது அதுவே. 1797இல் வொலாஸ்ரன் என்னும் ஆங்கிலேயர், கௌட் நோயாளரின் வெண்கட்டிகளில் உள்ளது அவ்வமிலத்தின் சோடிய உப்பே என நிறுவினார்.

1848இல் இலண்டன் மருத்துவரான அல்பிரட் கரட், கௌட் நோயாளரின் குருதியில் யூரிக்கமிலம் மிகுந்துள்ளது என்பதை வெளிப்படுத்தினார். பின்னர் அவர் வகுத்த சோதனை மிக எளியது. குருதிநீரைச் சிறிது கண்ணாடித் தட்டில் ஊற்றி, அசற்றிக்கமிலத் துளிகள் சில சேர்த்து, அதனுள் நூலொன்றை இட்டு வைப்பர். யூரிக்கமிலம் மிகுந்திருப்பின், கற்கண்டு காய்ச்சுவோரின் நூலிற் கற்கண்டு படிவதுபோல அந்நூலிற் பளிங்குகள் படியும். 1859இல் வெளியிட்ட நூலில் கரட் மேலுமொருபடி சென்று, மூட்டிற் படியும் உப்பு அழற்சியின் விளைவன்று, அழற்சிக்குக் காரணமே அது எனத் துணிந்து கூறினார். அக்கூற்று மெய்யென நாட்டப்படுவதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேற் சென்றது.

அங்ஙனமாயின், இந்த யூரிக்கமிலம் எங்கிருந்து வருகின்றது? நம் உடலின் கலங்கள் ஒவ்வொன்றினதும் கருவில் நியூக்கிளிக்கமிலங்கள் உள. அவற்றின் கூறுகளுட் சில பியூரின்கள் எனப்படும். கலங்கள் இடையறாது அழிந்து புதுப்பிக்கப்படுவதால் பியூரின்களும் இடையறாது சிதைகின்றன. அவை சிதைந்து எஞ்சும் இறுதிப்பொருளே யூரிக்கமிலம். நாம் உண்ணும் உணவிலுள்ள பியூரின்களும் இவ்வழியே மாறுகின்றன. ஆயினும், உடலில் நாடோறும் உண்டாகும் யூரிக்கமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உடலினுள்ளேயே தோன்றுவது. மூன்றில் ஒரு பங்கே உணவினாலாவது. ஒருவன் முற்றும் பட்டினி கிடப்பினும் யூரிக்கமிலம் உண்டாகாதொழியாது என்பது இதனாற் பெறப்படும்.

இங்கு விலங்குகளை ஒப்புநோக்குதல் பயன்தரும். பெரும்பாலான பாலூட்டிகளின் ஈரலில் யூரிக்கேசு என்னும் நொதியம் ஒன்றுண்டு. அது யூரிக்கமிலத்தை எளிதிற் கரையும் வேறொரு பொருளாக மாற்றிச் சிறுநீரோடு கழியச் செய்கின்றது. அதனால் அவ்விலங்குகளின் குருதியில் யூரிக்கமிலம் மிகக் குறைவு. மனிதனுக்கும் அவனோடு உறவுடைய வாலில்லாக் குரங்கினங்களுக்கும் இந்நொதியம் இல்லை. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் இம்மூதாதையரிடத்தில் இந்நொதியத்துக்குரிய பரம்பரையலகு விகாரமுற்றுச் செயலிழந்தது. அச்சிதைந்த அலகு இன்றும் நம் கலங்களிற் பயனற்றுக் கிடக்கின்றது. ஆகவே, கௌட் நோயின் முதல் வித்து அரண்மனை விருந்தில் விதைக்கப்பட்டதன்று. மனிதகுலம் தோன்றுமுன்னரே விதைக்கப்பட்டது. செல்வனும் வறியவனும் அதனை ஒருங்கே பெற்றுள்ளனர்.

எனின், எல்லார்க்கும் இந்நோய் வராமை ஏன்? விடை சிறுநீரகத்தில் உள்ளது. யூரிக்கமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரகத்தாலும் எஞ்சியது குடலாலும் வெளியேற்றப்படும். சிறுநீரகம் குருதியினின்றும் வடித்த யூரிக்கமிலம் முழுவதையும் கழித்துவிடுவதில்லை. அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குவரை மீண்டும் குருதிக்கே திருப்பிவிடுகின்றது. இவ்வாறு திருப்புகின்ற புரதங்களுட் சிறந்ததொன்றை யப்பானிய ஆய்வாளர் 2002இற் கண்டறிந்தனர். இத்தகைய புரதங்களை ஆக்கும் பரம்பரையலகுகள் ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலருடைய சிறுநீரகம் அளவுக்கு மீறித் திருப்பிவிடும். சிலருடைய சிறுநீரகமும் குடலும் போதிய அளவு வெளியேற்றா. கௌட் நோயாளருள் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பேரின் குறைபாடு மிகுதியாக ஆக்குவதன்று. போதிய அளவு கழிக்காமையே. நியூசிலாந்தின் மவோரி மக்களும் பசுபிக் தீவு மக்களும் பிறரிலும் மிகுதியாக இந்நோயுறுவதற்கு இப்பரம்பரை வேறுபாடுகள் பெருங் காரணமாகும். அவர்களை நோக்கி இது செல்வரின் நோய் என எவரே கூறவல்லார்?

பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும்வரை இந்நோய் வருவதில்லை எனக் கிரேக்க மருத்துவரான இப்போகிறாத்திசின் பெயரால் வழங்கும் நூல் ஒன்று கூறும். அவ்வவதானிப்பு பெரும்பாலும் மெய்யே. ஈத்திரோசன் என்னும் பெண்மைக்குரிய ஓமோன் யூரிக்கமிலத்தைச் சிறுநீரிற் கழிக்கத் துணைசெய்கின்றது. அது குறையும் பருவத்திலேயே பெண்களின் குருதியில் யூரிக்கமிலம் ஆண்களுடைய அளவை நெருங்குகின்றது. சிறுநீரக நோயும், சிறுநீரைப் பெருக்கும் மருந்துகள் பலவும், உடற்பருமனும் கழிவைத் தடுத்து நோய்க்கு வழிசெய்வன. ஈயநஞ்சும் அத்தகையதே. ஈயத்தோடு தொழில் செய்த ஏழைத் தொழிலாளர் பலருக்கு இந்நோய் உண்டாதலைக் கரட் தாமே கண்டு எழுதியுள்ளார்.

உணவுக்கு யாதும் பங்கில்லையோ எனின், உண்டு. ஆனால் நினைக்கப்படும் அளவுக்கன்று. 2004இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ஆய்வொன்று 47,150 ஆண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. இறைச்சியும் கடலுணவும் மிகுதியாக உண்டோர்க்கு இந்நோய் கூடுதலாக வந்தது. பாற்பொருள்களை மிகுதியாகக் கொண்டோர்க்குக் குறைவாகவே வந்தது. பியூரின் மிக்க மரக்கறிகளால் நோய் மிகுந்ததாக அவ்வாய்வு காட்டவில்லை. ஆகவே, ‘யூரிக்கமிலம் கூடிவிட்டது’ என்றவுடன் பருப்பையும் கீரையையும் முற்றும் விலக்கும் நம்மவர் வழக்கத்துக்கு அதிற் சான்றில்லை. ஈரல் முதலிய உள்ளுறுப்புக்கள், சாளை, நெத்தலி போன்ற மீன்கள், பியர், சாராய வகைகள் ஆகியனவே குறைக்கத்தக்கவை. பழவெல்லம் கலந்த இனிப்புப் பானங்களும் தீங்கு செய்வன. ஏனெனில், அவ்வெல்லம் ஈரலிற் சிதையும்போது யூரிக்கமிலம் உண்டாகின்றது. எனினும், 2018இல் வெளியான மற்றோர் ஆய்வு, மக்களிடையே யூரிக்கமில அளவு வேறுபடுவதற்கு உணவுவகை எதுவும் நூற்றுக்கு ஒரு பங்குதானும் காரணமன்று என்றும், பரம்பரை வேறுபாடுகளோ ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்குக் காரணமாகும் என்றும் காட்டியது. விருந்து நோயைத் தூண்டலாம், நோயைப் படைப்பதில்லை.

இனி, கரைந்திருந்த உப்பு பளிங்காவது எவ்வாறு என்பதை நோக்குவாம். சீனியை நீரிற் கரைத்துக்கொண்டே சென்றால் ஓரளவுக்கு மேல் அது கரையாது அடியிற் படியும். குருதியிலும் அஃதே. 37 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், 100 மில்லிலீற்றர் குருதிநீரில் ஏறத்தாழ 6.8 மில்லிகிராம் வரையுமே சோடியம் யூரேற்று கரைந்து நிற்கும். வெப்பம் குறையின் கரையும் அளவும் குறையும். நெஞ்சிலிருந்து மிகத் தொலைவிலுள்ள பாதமும் விரல்களும் உடலின் நடுப்பகுதியினும் குளிர்ந்தவை. மேலும், பெருவிரலின் அடிமூட்டு நடையின் பாரத்தைத் தாங்கி நாடோறும் நைவது. இவ்விரு காரணங்களாலும் பெருவிரல் மூட்டே பெரும்பாலும் முதலிற் பற்றப்படுகின்றது. காதுமடலில் வெண்கட்டிகள் தோன்றுவதற்கும் அதன் குளிர்ச்சி ஒரு காரணமாதல் கூடும்.

பளிங்கு மூட்டினுள் இருப்பதால் மட்டும் வலி உண்டாவதில்லை. கரட் கூறியதை நாட்டியவர்கள் அமெரிக்க மருத்துவர்களாவர். 1961இல் மக்கார்ட்டி, ஹொலண்டர் என்போர் முனைவாக்கிய ஒளியமைந்த நுணுக்குக்காட்டியினால், நோயுற்ற மூட்டுநீரில் ஊசிவடிவான யூரேற்றுப் பளிங்குகளைத் தெளிவாகக் கண்டனர். அவை காரணமா, விளைவா என்னும் வினா எஞ்சியிருந்தது. அடுத்த ஆண்டு மக்கார்ட்டியும் பெயர்ஸ் என்பவரும் அப்பளிங்குகளைத் தம் முழங்கால் மூட்டுக்களினுள்ளேயே ஊசிமூலம் செலுத்திக்கொண்டனர். சில மணி நேரத்துள் மூட்டு வீங்கிச் சிவந்து கடும் வேதனை உண்டாயிற்று. பளிங்கே காரணம் என்பது இங்ஙனம் உறுதியாயிற்று. பளிங்கை விழுங்கும் வெண்குருதிக் கலங்களினுள் அழற்சியைத் தூண்டும் புரதத் தொகுதியொன்று எழுச்சியுறுவதையும், அதன்வழி அழற்சியைப் பரப்பும் பொருளொன்று வெளிப்படுவதையும் 2006இல் சுவிற்சலாந்து ஆய்வாளர் விளக்கினர். உயிரற்ற உப்புத் துணிக்கையை உடல் நோய்க்கிருமியெனக் கருதிப் போர் தொடுக்கின்றது. வேதனை அப்போரின் விளைவேயாகும்.

இந்நோயின் வளர்ச்சியை நான்கு நிலைகளாக வகுத்துக் கூறுவர். முதல் நிலையிற் குருதியில் யூரிக்கமிலம் மிகுந்திருக்கும். குறி யாதும் தோன்றாது. இந்நிலையிலுள்ளோருட் பலர் வாழ்நாள் முழுதும் நோயின்றியே இருந்துவிடுவர். இரண்டாம் நிலை திடீர்த் தாக்குதல். அடிபடுதல், அறுவைச் சிகிச்சை, மிகுதியான மது, உடலில் நீர் வற்றுதல், கடும் உபவாசம் ஆகியவற்றுள் ஒன்று அதனைத் தூண்டலாம். பெரும்பாலும் இரவிலே தோன்றும் வலி ஒரு நாளுக்குள் உச்சமடைந்து, மருந்தின்றியும் ஏழு முதற் பதினான்கு நாள்களில் அடங்கும். தாக்குதல் நிகழும்போது குருதியைச் சோதிப்பின் யூரிக்கமிலம் இயல்பான அளவில் இருத்தலுங் கூடும். அதுகொண்டு நோயில்லை எனத் துணிதல் தவறு.

மூன்றாம் நிலை இடைக்காலம். நோயாளி முற்றும் நலமாகவே இருப்பான். நடப்பான், தொழில் செய்வான், மருந்தை மறப்பான். நோயின் வஞ்சகம் இங்கேதான் உள்ளது. வலி நின்றதன்றிப் பளிங்கு நீங்கவில்லை. அது மூட்டுக்களிற் சத்தமின்றிப் பெருகிக்கொண்டிருக்கும். தாக்குதல்கள் ஆண்டுக்கொன்றாய், பின் ஆண்டுக்குப் பலவாய், ஒரு மூட்டினின்றும் பல மூட்டுக்களுக்குப் பரவும். பல்லாண்டுகளின் பின் நான்காம் நிலை வருகின்றது. விரல், முழங்கை, குதிக்கால், காதுமடல் ஆகிய இடங்களிற் சுண்ணாம்பு போன்ற வெண்கட்டிகள் திரண்டு என்பை அரிக்கும், மூட்டு உருக்குலையும். சிறுநீரகத்திற் கற்களும் தோன்றலாம். அன்றியும், உயர் குருதியமுக்கம், நீரிழிவு, சிறுநீரகப் பழுது, இதயநோய் என்பன இந்நோயாளரிடம் மிகுதியாகக் காணப்படுவன. ஆதலால், பெருவிரல் வலியைப் பெருவிரலளவில் நிறுத்தி எண்ணுதல் கூடாது.

மருந்துகள் இருவகைப்படும் என்பதை நோயாளி முதலில் உணர்தல் வேண்டும். ஒன்று, எழுந்த அழற்சியை அடக்குவது. மற்றொன்று, யூரிக்கமிலத்தைக் குறைத்துப் பளிங்கையே கரைப்பது. முன்னதற்குப் பழமையான சான்று கொல்கிசின். ஐரோப்பாவில் இலையுதிர்காலத்திற் பூக்கும் ஒருவகைக் கிழங்குச் செடியினின்றும் இதனைப் பெற்றனர். 1820இற் பிரெஞ்சு இரசாயனர் இருவர் அதனைத் தனியே பிரித்தனர். நாம் கார்த்திகைப்பூ என்றும் காந்தள் என்றும் போற்றும் கொடியிலும் இதே பொருள் உண்டு. தமிழ்நாட்டில் அதன் விதைக்காகவே அக்கொடி பயிரிடப்படுகின்றது. ஆயினும், கொல்கிசின் அளவு சிறிது மிகினும் கொடு நஞ்சாகும். கார்த்திகைக் கிழங்கை உணவுக் கிழங்கென மயங்கியும் பிற காரணங்களாலும் உண்டு இறந்தோர் இலங்கையில் உளர். வீட்டு வைத்தியமாக அதனை ஒருபோதும் கையாளலாகாது.

இரண்டாம் வகையிற் சிறந்தது அலோபியூரினோல். கேற்றூட் எலியன், ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ் ஆகியோரின் ஆய்விற் பிறந்த இம்மருந்து, முதலில் வெண்குருதிப் புற்றுநோய் மருந்தொன்றுக்குத் துணையாகக் கருதப்பட்டது. யூரிக்கமிலத்தை ஆக்கும் நொதியத்தைத் தடுப்பதால் 1966 முதல் ஐக்கிய அமெரிக்காவிற் கௌட் நோய்க்கு வழங்கலாயிற்று. 1988இல் அவ்விருவரும் நோபல் பரிசிற் பங்குபெற்றனர். இதனைச் சிற்றளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி, யூரிக்கமிலத்தை 100 மில்லிலீற்றருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே நிறுத்தினால், பளிங்குகள் மெல்லக் கரையத் தொடங்கும். தொடங்கிய முதற் சில மாதங்களில் தாக்குதல் மிகுதலும் உண்டு. கரையும் பளிங்குகள் அசைவதே அதற்குக் காரணம். இதனை அறியாதார் ‘மருந்து நோயைக் கூட்டிற்று’ என அதனைக் கைவிடுவர். அரிதாகக் கடுமையான தோல் ஒவ்வாமையும் நேரலாம். தோலிற் கொப்புளமோ தடிப்போ தோன்றின் உடனே மருந்தை நிறுத்தி மருத்துவரைக் காணல் வேண்டும்.

மருந்து இத்துணைக் காலமாக இருந்தும் நோயாளர் பலர் அதனைத் தொடர்ந்து உண்ணாமை ஏன்? இங்கிலாந்தின் நொட்டிங்காமில் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வொன்று இதற்கு விடைதருகின்றது. 517 நோயாளரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினர்க்குத் தாதியர் நோயின் காரணத்தை விளக்கி, ஐயங்களைத் தீர்த்து, மருந்தைப் படிப்படியாக உயர்த்தினர். மறு பகுதியினர் வழக்கமான வைத்தியத்தையே பெற்றனர். இரண்டு ஆண்டுகளின் முடிவில், முதற் பகுதியினருள் நூற்றுக்கு 95 பேர் யூரிக்கமிலத்தை உரிய அளவுக்குக் குறைத்திருந்தனர். மறு பகுதியினருள் நூற்றுக்கு 30 பேரே அந்நிலை எய்தினர். புதிய மருந்து எதுவும் அங்கு கண்டுபிடிக்கப்படவில்லை. விளக்கமும் இடைவிடாக் கவனிப்புமே வேற்றுமை செய்தன.

இதனின்றும் பெறப்படுவது யாது? தன் நாவடக்கமின்மையே நோய்க்குக் காரணமெனக் கூறப்பட்டவன், நாவை அடக்கினாற் போதும் என எண்ணுகின்றான். உணவைக் குறைத்தும் நோய் மீளும்போது நாணி மறைக்கின்றான். வலி மாத்திரைகளால் ஒவ்வொரு தாக்குதலையும் கடக்கின்றான். இதற்கிடையிற் பளிங்கு வளர்கின்றது. சிறுநீரகத்தின் பரம்பரைக் குறைபாடு ஒழுக்கக்கேடு ஆகாது. அதற்கு மருந்துண்ணல் இழுக்கும் ஆகாது. நம் இல்லத்திலோ சுற்றத்திலோ இந்நோயுற்ற ஒருவர் இருப்பின், அவர் உண்ட உணவைக் கணக்கெடுக்குமுன், அவருடைய யூரிக்கமில அளவு யாது, அதனைக் குறைக்கும் மருந்து அவர்க்குக் கொடுக்கப்பட்டதா என்னும் இரு வினாக்களை எழுப்புதல் நம் கடனாகும்.